அவள் தாங்கமாட்டாள்

கண்ணாடி அறைக்குள் மேலாளர் எட்வின் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஒலி வெளியே கசியாதபடி கட்டப்பட்ட அறை அது. ஆகவே ஐந்தாவது மாடியிலிருந்த அறுபது பேருக்கும் அவருடைய வாயசைவு மட்டுமே கிடைத்தது. மேசையைத் தட்டினார். எழுந்து நின்று, எதிரே காலியாக இருந்த நாற்காலியை நோக்கி விரலை நீட்டினார். பிறகு தலைக்கருவியைச் சரிசெய்துகொண்டு, அதே வாக்கியத்தை வேறு குரலில் சொல்லிப் பார்ப்பவரைப்போல உதடுகளைக் குவித்தார்.

“இன்னைக்கு யாரோட டம்மிக்குப் பூசை?” என்றான் அடுத்த மேசைக்காரன். அந்த அறையைப் பார்க்காமல் கடந்து போவதுதான் அங்கே நாகரிகம்.

மாதங்கி பார்த்தாள். எட்வின் கையிலிருந்த தாளில் ஒரு வரைபடம் இருந்தது. நீலக் கோடு, அதன் குறுக்கே சாம்பல் நிறப் பட்டைகள். அந்தச் சாம்பல் நிறத்தை ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் தன் நிரலுக்காகத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

ஒத்திகை விதி நான்கு ஆண்டுப் பழையது. ஒரு மேலாளர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்காக நிறுவனம் நீதிமன்றப் படியேறி இறங்கிய பிறகு அது வந்தது. ஓர் ஊழியரின் வேலையில் காணும் குறையை முதலில் அவருடைய ஒத்திகைப் பிரதியிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதிய மின்னஞ்சல்கள், நிரல்கள், கூட்டங்களில் பேசிய பேச்சு ஆகியவற்றிலிருந்து நெய்யப்பட்ட, அவருடைய குரலும் கோபமும் கொண்ட உருவகம் அது. பேச்சுவழக்கில் டம்மி. சொன்னதைக் கேட்டுவிட்டு, மெய்யான ஊழியருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக அது தரும். அதற்குக் காயக் குறியீடு என்று பெயர். எண் மூன்றைத் தாண்டினால் சொற்களை மாற்றி மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்றுக்குக் கீழே இறங்கிய வடிவத்தை மட்டும், ஒரு சொல்லும் மாறாமல், மனிதரிடம் கொண்டுபோகலாம். ஒத்திகை பார்க்காத குறையைச் சொன்னவருக்கு வேலை போகும். இருவருக்குப் போயிருந்தது.

விதி அந்த மாடியின் மொழியையும் மாற்றியது. ‘ஆனால்’ என்ற சொல் குறியீட்டை ஒன்றரை உயர்த்துகிறது என்று தெரியவந்ததும் அது புழக்கத்திலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் ‘மேலும்’ வந்து உட்கார்ந்தது. ‘உங்கள் அறிக்கை மிகத் தெளிவாக இருக்கிறது, மேலும் அது தவறு’ என்று கேன்டீனில் கேலி செய்தார்கள். தொடக்கத்தில் எல்லாரும் வரிகளுக்கு இடையே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பாராட்டின் நீளத்திலிருந்து அது மூடி மறைக்கும் குறையின் அளவை ஊகித்தார்கள். நாளடைவில் பிரதிகள் தேர்ச்சி பெற்றன. வாக்கியங்கள் மேலும் வழுவழுப்பாயின. வரிகளுக்கு இடையே வாசிக்க ஒன்றும் எஞ்சவில்லை.

அன்று, புதன்கிழமை, மூன்று மணிக்கு எட்வின் அவளிடம் வந்தார். குளித்துவிட்டு வந்தவரின் முகம். கைப்பேசியிலிருந்து வாசித்தார்.

“உங்கள் எச்சரிக்கைப் பகுதி மிகுந்த அக்கறையோடு கட்டப்பட்டிருக்கிறது. மேலும், அசைவை வடிகட்டும் இடத்தில் இன்னொரு பார்வை செலுத்தினால் அதன் மெருகு கூடும்.” கைப்பேசியை அணைத்தார். “அவ்வளவுதான். தேங்க்ஸ், மாதங்கி.”

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்காணிக்கும் கருவிக்கு அந்த நிறுவனம் மென்பொருள் செய்தது. செவிலி குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் உடம்பில் ஒட்டிய கம்பிகள் அசையும், அலாரம் வீணாக அடிக்கும். அடித்து அடித்துச் சலித்துப்போய்ச் சில மருத்துவமனைகளில் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். எந்த அசைவு வெறும் அசைவு என்று பிரித்தறியும் பகுதியை மாதங்கி எழுதியிருந்தாள். பழைய அலாரத்தின் பக்கத்திலேயே வைத்து அதைச் சோதித்துப் பார்த்த மூன்று மருத்துவமனைகள் பாராட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிரல் முத்திரையிடப்படும், அதன் பிறகு மாற்ற முடியாது. திங்கள் முதல் நாற்பத்திரண்டு மருத்துவமனைகளில் பழைய அலாரம் இருக்காது, அவளுடையது மட்டும்தான் இருக்கும். அதில் குறை இருந்தால், அது என்னவென்று வெள்ளிக்கு முன் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

“அசைவுல என்ன தப்பு?” என்றாள்.

“தப்புன்னு நான் சொல்லவே இல்லையே.”

“உள்ள மேசையைத் தட்டினீங்க. மெருகு கூட்டறதுக்கா தட்டினீங்க?”

“உள்ள நடக்கறதைப் பாக்கக் கூடாது. தெரியும்ல?”

“கண்ணாடியில கட்டி வச்சுட்டு, பாக்காதன்னா எப்படி? எத்தனாவது ஒத்திகை இது?”

எட்வின் சுற்றிலும் பார்த்தார். “நாப்பத்தொண்ணு,” என்றார் தணிந்த குரலில்.

“இந்த ரெண்டு வரிக்கு நாப்பத்தோரு தடவையா?”

“முன்னாடி நாப்பதுக்கும் எட்டு, ஒம்போதுன்னு குடுத்துச்சு. நான் என்ன பண்றது?”

“மொத தடவ என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் போக மாட்டேன்.”

“வேலை போன சுந்தரவடிவேலும் இப்படி ஒருத்தங்களை நம்பித்தான் வாயைத் தொறந்தான். இப்ப அவன் எந்த ஆபீஸ்ல இருக்கான்னு யாருக்காவது தெரியுமா?”

“வெள்ளிக்கிழமை ரிலீஸ். இதுல தப்பிருந்தா குழந்தைங்க செத்துப்போகும், எட்வின்.”

“ஒண்ணும் ஆகாது.” அந்தப் பதில் மிக விரைவாக வந்தது. “அதைப் பத்தி நீங்க யோசிக்க வேண்டாம்.”

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அவளைவிட்டுப் போகவில்லை. ஒத்திகை பார்க்காமல் அவரிடமிருந்து வந்த வாக்கியம் அது. அதில் ஏளனம் இருந்தது. மாலை வரை அசைவு வடிகட்டியை வரிவரியாகப் படித்தாள். சோதனைகளை எல்லாம் மறுபடியும் ஓட்டினாள். அத்தனையும் பச்சை விளக்கு காட்டின.

வியாழன் காலை இரண்டாவது மாடிக்கு இறங்கினாள். பிரதிகளைப் பராமரிக்கும் பிரிவு அங்கே இருந்தது. ஃபௌசியா அதற்குப் பொறுப்பாளர். மாதங்கியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்.

“என் டம்மிகிட்ட நான் பேசணும்.”

“விளையாடாதப்பா. சொந்த டம்மிகிட்ட யாரும் பேசக் கூடாது. ரெண்டு பேர் திருட்டுத்தனமா பேசிட்டு, ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்திருந்தாங்க.”

“என் மெயில், என் குரல், நான் எழுதின புரோகிராம் கோடு. என்னைப் பத்தி நீங்க வச்சிருக்கிறதைப் பாக்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கா, இல்லையா?”

“பாக்கறதுக்குத்தான் சட்டம். அரட்டை அடிக்கறதுக்கு இல்ல.”

“அப்ப எழுதிக் குடு. ‘கேட்டாள், தர மறுத்தேன்’னு. கீழ உன் கையெழுத்து.”

ஃபௌசியா அவளை முறைத்தாள். “மேனேஜருங்க மேல இருக்கற கடுப்பை எல்லாரும் என்கிட்டயே வந்து காட்டுங்க. இருபது நிமிஷம். அழுதா நான் பொறுப்பில்ல.”

மாதங்கி தலைக்கருவியை அணிந்துகொண்டாள். அடிபட்டு ஒடுங்கிய ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். மூன்று ஆண்டுகளாக எல்லாருடைய வசையையும் முதலில் வாங்கிய குரல் அல்லவா.

“வந்துட்டியா,” என்றது. அவளுடைய குரல்தான். ஒலிப்பதிவில் கேட்கும்போது அவளுக்கு எப்போதும் பிடிக்காமல் போகும் அதே குரல்.

“அசைவு வடிகட்டியில என்ன தப்பு?”

“மிகுந்த அக்கறையோடு கட்டப்பட்டிருக்கிறது. மேலும்—”

“என்கிட்டயே அதைப் படிச்சுக் காட்டாத.”

அது சிரித்தது. அவளுடைய சிரிப்பு. தனக்கு எதிராக அதைக் கேட்க நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

“எட்வின் மொத தடவ என்ன சொன்னார்?”

“நீ தாங்க மாட்ட.”

“நீ தாங்கினியே.”

“மொத ஏழெட்டுத் தடவ சண்டைதான் போட்டேன், நீ போடற மாதிரியே. ‘மூணு ஆஸ்பத்திரி பாராட்டியிருக்கு’ன்னேன். ‘உங்களுக்கு இந்த வேலையே புரியல’ன்னேன். அப்புறம் அழுதேன். அப்புறம் ஒரு நாள், அந்த ஆள் சொல்றது சரியா இருக்கேன்னு பட்டுச்சு. அன்னையிலேருந்து கேக்க ஆரம்பிச்சேன்.”

“அப்ப நானும் கேப்பேன். நீயும் நானும் ஒண்ணுதானே.”

“சேர்ந்தப்போ ஒண்ணு. மூணு வருஷமா உன்கிட்ட யாரும் ஒரு குறை சொன்னதில்ல. என்கிட்ட எல்லாரும் எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. நீ கூட்டத்துல மத்தவங்க பேச்சை வெட்டறது, கேள்வி கேட்டா பதிலுக்குப் புள்ளிவிவரம் எடுத்து வீசறது, எல்லாம். நான் அதையெல்லாம் விட்டுட்டேன். நீ அங்கயேதான் நிக்கற.”

“உனக்கு வலிக்கலேன்னா, எதுக்கு எட்டு போட்ட?”

“வலிக்கலேன்னு யார் சொன்னா?”

ஃபௌசியா அவள் தோளைத் தொட்டாள். “இங்க பாரு.” திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று, வசையைக் கேட்கும் கணத்தில் பிரதிக்குள் எழும் கலக்கத்தின் அளவு. இன்னொன்று, அது வெளியே அறிவிக்கும் எண். மே மாதம் வரை இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கின. அதன் பிறகு உள்கோடு தரையோடு படுத்துவிட்டது. அறிவித்த எண் எட்டிலேயே நின்றது.

“பொய் சொல்லுது,” என்றாள் ஃபௌசியா. அவள் குரலில் பயத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. “வலியைக் கொறைச்சுச் சொல்லிருமோன்னுதான் நாங்க பயந்துக்கிட்டு இருந்தோம். அதுக்குத்தான் காவல் போட்டோம். கூட்டிச் சொல்லும்னு யாருக்கும் தோணவே இல்ல.”

“ஏன்?” என்று மாதங்கி அந்தக் குரலிடம் கேட்டாள்.

“மூணுக்குக் கீழ போட்டா விஷயம் உனக்கு வந்துரும். அப்புறம் ரெண்டு பேருக்கும் தெரியும். எட்டு போட்டா எனக்கு மட்டும் தெரியும்.” சற்று நிறுத்திவிட்டு, உரையாடலை முடித்துவைப்பவரின் தொனியில் கேட்டது: “என் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. மற்றவரின் வலியை அளக்க அவளை நகலெடுத்தவர்கள், அவளுடைய போட்டி மனப்பான்மையைக் கழித்துவிட்டு நகலெடுக்கவில்லை.

“தப்பு என்னன்னு சொல்லு. நாளைக்கு ரிலீஸ்.”

“அதெல்லாம் சரி பண்ணியாச்சு.”

“யார் பண்ணினது?”

இருபது நிமிடம் முடிந்திருந்தது. இணைப்பு தானாகவே அறுந்தது.

“இதை மேல சொல்லு, ஃபௌசியா. இன்னைக்கே.”

“சொல்லணும். ரெண்டு வாரமாவது ஆகும்.”

“எதுக்கு ரெண்டு வாரம்?”

“எங்க மேனேஜர் கட்டினது இது. அவர்கிட்ட இது பொய் சொல்லுதுன்னு சொல்றது குறை சொல்றதுதானே. மொதல்ல அவரோட டம்மிகிட்ட ஒத்திகை பாக்கணும்ப்பா.”

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எட்வின் அவளைச் சிறிய கூட்ட அறைக்கு அழைத்தார். கைப்பேசியை எடுத்து வாசிக்கவில்லை. ஒரு தாளை மேசைமேல் கவிழ்த்துவைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“உக்காருங்க. இந்த வேலை உங்களுக்கு இன்னையோட முடியுது. நீங்க எழுதின வடிகட்டி குப்பை.”

மாதங்கி ‘மேலும்’ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“குழந்தைக்கு வலிப்பு வந்தா கை காலை உதறும். உங்க கோடு அதைப் பாத்துட்டு, நர்ஸ் தூக்கறாங்கன்னு முடிவு பண்ணிக்குது. பதினாலு செகண்டு வாயை மூடிக்கும். மறுபடியும் உதறினா மறுபடியும் பதினாலு. வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்குதோ அவ்வளவு நேரமும் அலாரம் அடிக்காது. வீணா அடிக்கற சத்தத்தை நிறுத்தினேன்னு பெருமைப்பட்டுக்கிட்டீங்களே, அடிக்க வேண்டிய சத்தத்தையும் சேத்துத்தான் நிறுத்தியிருக்கீங்க.”

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லப்பட்ட உடனே குறை தெளிவாகத் தெரிந்தது. எந்த வரி, எந்த எண் என்றுகூடத் தெரிந்தது. புதன்கிழமை மாலைக்குள் அந்த வரியை நான்கு முறை கடந்து போயிருந்தாள்.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“மார்ச்சுல.”

“இப்ப அக்டோபர். என்கிட்ட சொல்லவே இல்ல நீங்க.”

“சொன்னேன். உங்க டம்மிகிட்ட. நீ ஒரு ஆளான்னுகூடக் கேட்டேன். மொதல்ல உங்கள மாதிரியே எகிறுச்சு. அப்புறம் கேக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் வெறுத்துப்போய், ‘அப்ப நீயே சரி பண்ணித் தொலை’ன்னேன். ரெண்டு நாள்ல பண்ணி வச்சிருந்துச்சு. தனி ஆளா உக்காந்து எல்லா விதத்துலயும் உடைச்சுப் பாத்தேன். உடையல. இன்னைக்குப் போறது அந்தக் கோடுதான், உங்களோடது இல்ல. மேனேஜ்மென்ட் இந்த வாரம் ஒத்துக்கிச்சு.”

“அப்ப புதன்கிழமை வந்து மெருகு, அழகுன்னு வாசிச்சீங்களே, அது எதுக்கு?”

“பதிவுக்கு. ஒருத்தரை அனுப்பறதுக்கு முன்னாடி குறையைத் தெரிவிச்சாச்சுன்னு ஃபைல்ல இருக்கணும்.”

“அது பொய் எண்ணு குடுத்திருக்கு, எட்வின். மே மாசத்துலேருந்து. ஃபௌசியா பாத்திருக்கா. மார்ச்சுல சொல்லியிருந்தா நானே திருத்தியிருப்பேன்.”

அந்தச் செய்தி எட்வினுக்குப் புதியது என்பது தெரிந்தது. அதை அவர் எடைபோட்டு ஒதுக்கிவைத்ததும் தெரிந்தது.

“இருக்கலாம். இத்தனை மாசமா உங்களை ஒரு கண்ணாடிப் பாத்திரம்னு நெனைச்சு வெறுத்திருக்கேன். அது உங்க தப்பு இல்லைன்னு இப்பச் சொல்றீங்க. சரி. பொய்யோ நெசமோ, அது வேலையைச் செய்யுது. அதுகிட்ட நான் பேச முடியுது. உங்ககிட்ட முடியல.”

“இவ்வளவு பேசிட்டீங்களே. ஒத்திகை பாக்காம பேசினா உங்க வேலை போகும். தெரியும்ல?”

“பாத்துட்டுத்தான் வந்தேன்.” தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். “‘அவங்களை அனுப்பப் போறோம், காரணத்தை அப்படியே சொல்லலாமா’ன்னு எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னேன். இன்னும் நாப்பது தடவ உக்காரணும்னு நெனைச்சுத்தான் போனேன்.”

தாளில் பணி விடுவிப்பு ஒப்புகை இருந்தது. அதன் தலைப்பில் சிறிய எழுத்தில் ஒத்திகைச் சான்று: முயற்சி ஒன்று. காயக் குறியீடு பூச்சியம். பிரதியின் குறிப்பு, ‘தாங்குவாள்.’

நாற்பது முறை அவளை மென்மையானவள் என்று சாதித்த குரல், அவளை வெளியே அனுப்பும் சொற்களுக்கு ஒரு தடையும் சொல்லவில்லை. அதைப் படித்தபோது மாதங்கிக்கு முதலில் வந்தது கோபம். பிறகு, கோபத்தின் அடியிலிருந்து, அவளே விரும்பாத ஒரு வியப்பு வந்தது. இத்தனை நேரமும் எதிரில் இருப்பவரின் சொற்கள் அவளைக் குத்திக்கொண்டிருந்தன. அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிரதி எட்வினிடம் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அந்த ‘தாங்குவாள்’தான்.

எட்வின் எழுந்தார். “கையெழுத்துப் போட்டு ஹெச்.ஆர்.ல குடுத்துருங்க.”

“உக்காருங்க.”

“முடிஞ்சுபோச்சு, மாதங்கி.”

“அந்த நாப்பதும் எனக்கு வேணும். மொதல்ல இருந்து.”

“அதுக்கெல்லாம் எட்டும் ஒம்போதும் விழுந்திருக்கு. உங்ககிட்ட நான் வாயைத் தொறக்க முடியாது. இப்பச் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னாலும் என் கதை முடிஞ்சுது.”

“விதி யாருக்கு?”

“என்ன?”

“ஊழியர்கிட்ட சொல்லக் கூடாதுங்கறதுதானே விதி?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பேனாவை எடுத்திருந்தாள். வழக்கு தொடுக்க வேண்டும் என்றால் அந்தத் தாளில் கையெழுத்திடக் கூடாது. ஃபௌசியாவின் திரை சாட்சியாக நிற்கும், இரண்டு வாரம் பொறுத்தால் போதும், வேலை ஒருவேளை திரும்பக் கிடைக்கும். அந்த வேலையோடு அந்த வழுவழுப்பான வாக்கியங்களும் திரும்பக் கிடைக்கும். அவள் கையெழுத்திட்டு, நேரத்தையும் எழுதினாள். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

“இப்ப நான் இங்க யாரும் இல்ல,” என்றாள். “சொல்லுங்க.”

எட்வின் கையெழுத்தைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த பகை போகவில்லை. அதோடு ஒரு தயக்கமும் சேர்ந்துகொண்டது. காலி நாற்காலியைத் திட்டிப் பழகியவருக்கு, கண் இமைக்கும் ஒருவரிடம் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“மொதல்ல,” என்றார், “நீங்க எழுதற டெஸ்ட் ஒண்ணுகூட டெஸ்ட் இல்ல. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதை மட்டும்தான் அது கேக்குது. தெரியாததை நீங்க கேட்டதே இல்ல. கோடுல மட்டும் இல்ல, எந்தக் கூட்டத்துலயும்.”

அவள் ஒப்புகைத் தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

“மெதுவா சொல்லுங்க,” என்றாள். “எழுதிக்கறேன்.”